விண்மேகத்தில் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் எப்படிச் சேர்ந்து நிற்கின்றன?

பணகுடியிலிருந்து கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "எங்கள் ஊருக்குப் பக்கத்தில் மகேந்திரகிரியில் திரவ ஹைட்ரஜனை வைத்து ராக்கெட் எஞ்சினைச் சோதிக்கிறார்கள். அதைப் பற்றிப் படிக்கப் போய், விண்வெளி மேகங்களிலும் இதே ஹைட்ரஜன் மூலக்கூறுதான் நிறைந்திருக்கிறது என்று தெரிந்தது. அங்கே அவ்வளவு குளிர், அவ்வளவு வெறுமை. குளிரில் வேதிவினை மந்தமாகும் என்றுதானே படிக்கிறோம்? அப்படியிருக்க இரண்டு அணுக்கள் எப்படிச் சந்தித்து எப்படிச் சேரும்?" நல்ல கேள்வி. இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அணுக்கள் எப்படிச் சந்திக்கும் என்பது ஒன்று. சந்தித்தவை பிரியாமல் எப்படி நிற்கும் என்பது இன்னொன்று. தம்பி முதலாவதை நினைத்துத்தான் கேட்டிருக்கிறார் என்று தோன்றுகிறது. சிக்கல் முழுக்க இரண்டாவதில் இருக்கிறது.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் வானியல் படித்தவள் இல்லை. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் 30 வருஷத்துக்கு மேல் இயற்பியல் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள். முனைவர் பட்டத்துக்கு நான் செய்த வேலை, நிக்கல் மேற்பரப்பில் ஹைட்ரஜன் எப்படி ஒட்டுகிறது, எப்படிக் கழன்று வருகிறது என்பது. தொலைநோக்கியில் அளவெடுத்த அனுபவம் எனக்குக் கிடையாது. வானியல் பக்கத்துச் செய்திகளை ஆய்வுக் கட்டுரைகளில் படித்துத்தான் சொல்கிறேன். ஆனால் இந்தக் கேள்வியின் விடை கடைசியில் ஒரு மேற்பரப்பில் போய்த்தான் நிற்கிறது. அந்த இடம் எனக்குப் பழகிய இடம்.

சந்திப்பை முதலில் முடித்துவிடலாம். நாம் மூச்சுவிடும் காற்றில் ஒரு கன சென்டிமீட்டர் இடத்தில், சுண்டைக்காய் அளவு இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய 2.5 லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் இருக்கின்றன. விண்மேகத்தில் அதே இடத்தில் 100 அணுக்கள் இருந்தாலே அது மேகம் என்று பெயர் வாங்கிவிடும். அப்படிப்பட்ட மேகத்தின் வெப்பநிலை 80 கெல்வின், அதாவது மைனஸ் 193 டிகிரி செல்சியஸ், என்று எடுத்துக்கொண்டால்கூட ஹைட்ரஜன் அணு விநாடிக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஓர் அணு இன்னோர் அணுவைச் சுமார் வருஷத்துக்கு ஒருமுறை முட்டுகிறது. நமக்கு அது அபூர்வமாகத் தெரியலாம். ஆனால் மேகத்தின் ஆயுள் பல லட்சம், பல கோடி வருஷம். அதற்குள் ஒவ்வோர் அணுவும் லட்சக்கணக்கான சந்திப்புகளைப் பார்த்துவிடும். ஆகவே சந்திப்புக்குப் பஞ்சமில்லை.

இனி இரண்டாவது. வீட்டில் உட்புறம் வழவழப்பான கிண்ணம் ஒன்றும் ஒரு கோலிக்குண்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கிண்ணத்தின் விளிம்பிலிருந்து குண்டை உள்ளே லேசாகத் தள்ளிவிடுங்கள். அடிவரை வேகமாக இறங்கி, அதே வேகத்தில் எதிர்ப்பக்கம் ஏறும். உராய்வு துளியும் இல்லாத கிண்ணமாக இருந்தால் எதிர் விளிம்பைத் தாண்டி வெளியே விழுந்துவிடும். இப்போது கிண்ணத்துக்குள் ஈரத்துணியைப் பரப்பிவிட்டு அதே மாதிரி செய்து பாருங்கள். குண்டு அடியில் தங்கிவிடும். துணி என்ன செய்தது? குண்டின் வேகத்தை வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான். இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் நெருங்கும்போதும் இதுதான் நடக்கிறது. ஈர்ப்பில் இரண்டும் ஒன்றை நோக்கி ஒன்று பாயும். பிணைப்பு நிலைக்க வேண்டுமானால் 4.48 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலை யாரிடமாவது கொட்டியாக வேண்டும். வகுப்பில் மோலுக்கு 436 கிலோஜூல் என்று மனப்பாடம் செய்வோமே, கிட்டத்தட்ட அதே எண்தான். கொட்ட இடமில்லையென்றால் அணுக்கள் ஒன்றையொன்று தொட்டுவிட்டு வந்த வழியே போய்விடும்.

ஒளியாகக் கொட்டக் கூடாதா என்று கேட்பீர்கள். மற்றப் பல மூலக்கூறுகளுக்கு அந்த வழி உண்டு. ஹைட்ரஜனுக்கு அது ஏறக்குறைய அடைபட்ட வழி. இரண்டு பக்கமும் ஒரே அணு. மின்னேற்றம் ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறையும் சாய்வு அதில் இல்லை. சாய்வு இல்லாத மூலக்கூறு அதிரும்போது ஒளியை வீசுவதற்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. அதிர்ந்துகொண்டிருக்கும் ஹைட்ரஜன் மூலக்கூறு ஒரே ஒரு படி இறங்கி ஒளியை விடவே சராசரியாகப் பத்து நாளுக்கு மேல் ஆகும். இரண்டு அணுக்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் நேரமோ ஒரு விநாடியில் 10 லட்சம் கோடியில் ஒரு பங்குக்குள்தான். எங்கே பத்து நாள், எங்கே இந்தக் கணம்! போதாததற்கு, எலக்ட்ரான்களின் தற்சுழற்சி காரணமாக, சந்திக்கும் நான்கு ஜோடிகளில் மூன்று ஒன்றையொன்று தள்ளும் நிலையிலேயே சந்திக்கின்றன. மிச்சம் ஒன்றுக்குத்தான் சேரும் தகுதியே இருக்கிறது.

ஆகவே மூன்றாவதாக ஒருவர் வேண்டும். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரைப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம். தேர் வேகம் பிடித்துவிட்டால் வடம் பிடிப்பவர்களால் அதை நிறுத்த முடியாது. சக்கரத்தின் கீழே முட்டுக்கட்டை போடுகிறார்களே, அவர்கள் கையில்தான் தேர் நிற்பது இருக்கிறது. கட்டை தேய்ந்து சூடாகிக் கருகல் வாசனை வரும். தேரின் ஓட்டத்தில் இருந்த ஆற்றல் அந்தச் சூடாகத்தான் கழிகிறது. நம் ஆய்வுக்கூடத்தில் ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் ஹைட்ரஜன் அணுக்களை உண்டாக்கினால் அவை சீக்கிரமே ஜோடி சேர்ந்துவிடும். காரணம், அங்கே மூன்றாவது அணுவும் பக்கத்தில் இருக்கும், குடுவையின் சுவரும் இருக்கும். விண்மேகத்தில் மூன்று அணுக்கள் ஒரே கணத்தில் ஒரே இடத்தில் கூட வேண்டும் என்று காத்திருந்தால், நான் சொன்ன 100 அணு அடர்த்தியில், பிரபஞ்சத்தின் இப்போதைய வயதைப்போலப் பல கோடி மடங்கு காத்திருக்க வேண்டும். அப்படியானால் மிஞ்சுவது சுவர்தான். வெட்டவெளியில் சுவருக்கு எங்கே போவது?

சுவர் இருக்கிறது, பொடிப்பொடியாக. விண்வெளித் தூசி என்று சொல்வது அதைத்தான். நம் வீடுகளில் குழந்தைக்குக் கண்மை கூட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆமணக்கெண்ணெய் விளக்கை ஏற்றி, அதன்மேல் பித்தளைத் தட்டைக் கவிழ்த்து வைத்தால், காலையில் தட்டின் அடியில் பூப்போலக் கரி படிந்திருக்கும். விரலால் தொட்டால் ரேகை இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும், சோப்புப் போட்டாலும் லேசில் போகாது. விண்தூசியின் ஒரு பகுதி ஏறக்குறைய இந்தக் கரியின் உறவுதான். மறுபகுதி மணலின் உறவு, சிலிக்கேட் வகைக் கனிமங்கள். நடுத்தரமான ஒரு துகளின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு இருக்கும். அதைவிடப் பொடியானவை எண்ணிக்கையில் அதிகம். இவை பெரும்பாலும் வயதான நட்சத்திரங்கள் ஊதித்தள்ளும் வாயு குளிரும்போது உறைந்து உண்டாகின்றன. 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் திருவாதிரை நட்சத்திரம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மங்கியது நினைவிருக்கிறதா? அது தன்னிடமிருந்து வெளியேற்றிய வாயுவில் உருவான தூசி நம் பார்வையை மறைத்ததும் அதற்கு ஒரு காரணம் என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். மார்கழியில் நாம் கும்பிடும் அந்தச் சிவப்பு நட்சத்திரமும் இப்படித் தூசி போட்டுக்கொண்டிருப்பதுதான்.

இந்தத் தூசி எவ்வளவு சொற்பம் என்று பார்த்தால் மலைப்பாக இருக்கும். எடையில் வாயுவின் நூற்றில் ஒரு பங்கு. எண்ணிக்கையில் ஒரு லட்சம் கோடி ஹைட்ரஜன் அணுக்களுக்கு இந்த நடுத்தர அளவுத் துகள் ஒன்று இருந்தால் அதிகம். நீளம், அகலம், உயரம் மூன்றும் 20 மீட்டருக்கு மேல் இருக்கும் ஒரு பெரிய கல்யாண மண்டபத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அந்த மண்டபம் முழுவதற்கும் ஒரே ஒரு துகள். ஆனால் அந்த ஒற்றைத் துகளின் மேல் சுமார் நாலு நிமிஷத்துக்கு ஒருமுறை ஓர் அணு வந்து மோதுகிறது. அணுவின் பக்கமிருந்து பார்த்தால் துகள் கிடைப்பது அரிது. துகளின் பக்கமிருந்து பார்த்தால் விருந்தாளிகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். வந்த ஆள் அடுத்த ஆள் வரும்வரை இருப்பாரா என்பதில்தான் மிச்சக் கதை இருக்கிறது.

இங்கேதான் "குளிரில் வினை மந்தமாகும்" என்ற பாடம் தலைகீழாகிறது. பாடப்புத்தகத்தில் படிப்பது, மேடு ஏறிக் கடக்க வேண்டிய வினைகளுக்குப் பொருந்தும். மேடு ஏற வெப்பம் தேவை. இரண்டு தனி ஹைட்ரஜன் அணுக்கள் சேர்வதில் மேடே கிடையாது, இறக்கம் மட்டும்தான். அதனால் குளிர் அதைத் தடுப்பதில்லை. அணு தூசியின் மேல் தங்குவதற்குக் குளிர்தான் உதவுகிறது. ஆலிவின் என்ற பச்சை நிறக் கனிமத்தின் மேல் ஹைட்ரஜன் அணுவின் பிடிப்பு எவ்வளவு என்று ஆய்வுக்கூடத்தில் அளந்திருக்கிறார்கள். அந்த அளவை வைத்து நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். துகளின் வெப்பநிலை 10 கெல்வினாக இருந்தால் அணு அதன்மேல் நாலு மணி நேரம்போலத் தங்கும். 15 கெல்வின் ஆகிவிட்டால் பத்தில் ஒரு விநாடிகூடத் தங்காமல் பறந்துவிடும். வெறும் ஐந்து டிகிரி வித்தியாசம்! மாணவர்களுக்கு அடுக்குக்குறிச் சமன்பாட்டின் வீரியத்தைக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

தங்கிய அணு சும்மா உட்கார்ந்திருக்காது. தூசியின் மேற்பரப்பு மேடும் பள்ளமுமானது. அணு ஒரு பள்ளத்திலிருந்து அடுத்த பள்ளத்துக்குத் தாவித்தாவிப் போகும். அந்தக் குளிரில் ஒரு தாவலுக்குச் சில விநாடிகள் ஆகலாம். வழியில் இன்னோர் அணு தட்டுப்பட்டால் இரண்டும் சேரும். கொட்ட வேண்டிய ஆற்றலைத் தூசி வாங்கிக்கொள்ளும். இது ஒரு வழி. வாயுவிலிருந்து வரும் அணு, ஏற்கெனவே ஒட்டியிருக்கும் அணுவின் மேல் நேராக வந்து விழுந்து அதையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவது இன்னொரு வழி. இரண்டும் எங்கள் வினையூக்கிப் பாடத்தில் வரும் பழைய வழிகள்தான், விண்வெளிக்கென்று புதிதாகக் கண்டுபிடித்தவை அல்ல. நிக்கலின் மேல் நான் வருஷக்கணக்கில் பார்த்தது இதன் மறுபக்கம். டால்டா செய்யும்போது எண்ணெயோடு ஹைட்ரஜனைச் சேர்க்க நிக்கல் போடுகிறார்கள். நிக்கல் மூலக்கூறைப் பிடித்து இரண்டாகப் பிய்த்து, அணுக்களைத் தன்மேல் வைத்துக்கொண்டு எண்ணெய்க்குக் கொடுக்கிறது. நிக்கலின் பிடி வலுவானது. விண்தூசியின் பிடி பெரும்பாலும் மெல்லியது. மெல்லிய பிடியில் பிய்க்க முடியாது, ஆனால் இரண்டு பேரைச் சந்திக்க வைத்து அனுப்பிவிட முடியும்.

சேர்ந்தவுடன் மூலக்கூறு தூசியிலேயே கிடந்துவிடாதா? பெரும்பாலும் கிடக்காது. 4.48 எலக்ட்ரான் வோல்ட் என்பது வெப்பநிலையாகச் சொன்னால் 50,000 கெல்வினுக்கு மேல். அதில் துளி கிடைத்தாலே மூலக்கூறு எகிறி வெளியே போய்விடும். இது ஏறக்குறைய உறுதியான செய்தி. அந்த ஆற்றலில் எவ்வளவு தூசியைச் சூடாக்குகிறது, எவ்வளவு மூலக்கூறின் அதிர்வாகவும் சுழற்சியாகவும் போகிறது, எவ்வளவு அது பாய்ந்து செல்லும் வேகமாக மாறுகிறது என்பதில்தான் ஒருமித்த முடிவு இல்லை. கணினி மாதிரிகள் செய்பவர்களில் பலர் மூன்றுக்கும் சமபங்கு என்று வைத்துக்கொண்டு கணக்கைத் தொடங்குகிறார்கள். அதை ஒரு வசதிக்கான அனுமானமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். தூசி எந்தப் பொருளால் ஆனது என்பதைப் பொறுத்து இந்தப் பங்கீடு மாறும்.

சரி, இதெல்லாம் உண்மையில் நடக்கிறது என்று எப்படித் தெரியும்? தூசியின் மேல் ஹைட்ரஜன் சேரலாம் என்ற எண்ணம் 1940களிலேயே நெதர்லாந்து வானியலாளர் வான் டி ஹல்ஸ்ட் போன்றவர்களிடம் இருந்தது. 1960களிலும் 70களின் தொடக்கத்திலும் சால்பீட்டரும் அவருடன் கூல்டு, ஹாலன்பாக் ஆகியோரும் அதை முறையான கணக்காக்கினார்கள். ஆனால் 1970 வரை விண்வெளியில் ஹைட்ரஜன் மூலக்கூறு இருப்பதையே யாரும் பார்த்திருக்கவில்லை. அது ஒளியை விழுங்குவது புற ஊதாவில். அந்த ஒளி நம் வளிமண்டலத்தைத் தாண்டி இறங்காது. 1970-இல் ஜார்ஜ் கார்ருத்தர்ஸ் என்ற அமெரிக்க இயற்பியலாளர் தாம் உருவாக்கிய புற ஊதாக் கருவியை ஒரு சிறு ராக்கெட்டில் ஏற்றி அனுப்பினார். ராக்கெட் மேலே இருந்த சில நிமிஷத்துக்குள் பெர்சியஸ் மண்டலத்தின் ஸை என்ற நட்சத்திரத்தின் ஒளியில் ஹைட்ரஜன் மூலக்கூறின் தடம் விழுந்தது. முதல் சாட்சி அதுதான். 1972-இல் ஏவிய கோப்பர்நிக்கஸ் செயற்கைக்கோள் பல நட்சத்திரங்களின் திசையில் இதையே அளந்தது. அந்த அளவுகளிலிருந்து மைக்கேல் ஜூரா 1975-இல் சேர்க்கை எவ்வளவு வேகமாக நடக்கிறது என்று கணக்கிட்டார். ஐம்பது வருஷம் ஆகியும் அந்த எண் பெரிதாக மாறவில்லை. அதைச் சுலபமாக இப்படி நினைவில் வைக்கலாம்: 100 கோடி வருஷத்தை ஒரு கன சென்டிமீட்டரில் உள்ள அணு எண்ணிக்கையால் வகுத்தால், மேகம் மூலக்கூறாக மாற ஆகும் காலம் ஏறக்குறைய கிடைத்துவிடும். 100 அணு என்றால் ஒரு கோடி வருஷம். 10,000 என்றால் ஒரு லட்சம் வருஷம்.

இந்த வேகம் உறுதி. இவ்வளவு வேகம் எப்படிச் சாத்தியம் என்பதில்தான் சந்தேகம் கிளம்புகிறது. 1990களின் பிற்பகுதியில் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் விடாலி, பிர்ரொனெல்லோ ஆகியோரின் குழு செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. உயர் வெற்றிடத்தில், கடுங்குளிரில் வைத்த ஆலிவின் துண்டின்மேல் இரண்டு தனித்தனி அணுக்கற்றைகளைப் பாய்ச்சினார்கள். ஒன்றில் சாதாரண ஹைட்ரஜன், மற்றதில் டியூட்டீரியம், அதாவது ஹைட்ரஜனின் கனமான வடிவம். இரண்டும் கலந்த மூலக்கூறு வெளியே வந்தால் அது அந்தக் கல்லின் மேல் சேர்ந்ததாகத்தான் இருக்க முடியும். கற்றையில் பிரியாமல் மிஞ்சிய பழைய மூலக்கூறு என்று யாரும் சந்தேகப்பட வழியில்லை. மேற்பரப்பு வேலை பார்த்தவர்களுக்கு அந்த ஏற்பாட்டின் நேர்மை உடனே புரியும். அவர்கள் கண்டது என்னவென்றால், வழவழப்பான ஆலிவினில் சேர்க்கை 10 கெல்வினுக்குள் ஒரு குறுகிய வெப்பநிலை இடைவெளியில்தான் நன்றாக நடக்கிறது. கரி போன்ற பரப்பில் கொஞ்சம் கூடுதலாக, 15 கெல்வினை ஒட்டி. ஆனால் மெல்லிய மேகங்களில் நட்சத்திர வெளிச்சம் பட்டுத் தூசி 15 முதல் 20 கெல்வின் வரை சூடாக இருக்கிறது. பிரகாசமான நட்சத்திரங்களுக்கு அருகே 50 கெல்வினையும் தாண்டுகிறது. அங்கேயும் மூலக்கூறு உருவாகிக்கொண்டுதான் இருக்கிறது, சில இடங்களில் ஜூராவின் கணக்கைவிட வேகமாகவே.

இந்த இடைவெளியை நிரப்ப மூன்று நான்கு விளக்கங்கள் இருக்கின்றன. தூசி வழவழப்பானது கிடையாது. கண்மைக் கரி போல இடுக்கும் பொந்துமாக இருப்பதால் சில இடங்களில் பிடிப்பு கூடும் என்பது ஒன்று. அணு சில இடங்களில் மெல்ல ஒட்டாமல் உண்மையான வேதிப்பிணைப்பே போட்டுக்கொள்கிறது, அதனால் சூட்டிலும் தாக்குப்பிடிக்கிறது என்பது இரண்டு. கரிப்புகையில் இருக்கும் பல வளையக் கார்பன் மூலக்கூறுகள் அணுவைத் தாங்கி, அடுத்த அணு வந்ததும் விட்டுக்கொடுக்கின்றன என்பது மூன்று. இவற்றோடு ஹைட்ரஜன் லேசான அணு என்பதால் தடையை ஏறிக் கடக்காமல் ஊடுருவிப் போகும் குவாண்டம் வித்தையும் சேர்ந்துகொள்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஆய்வுக்கூட ஆதாரம் கொஞ்சம் இருக்கிறது. எந்த இடத்தில் எது எவ்வளவு பங்கு என்பது இன்னும் தீரவில்லை. மேற்பரப்பில் வேலை பார்த்தவள் என்ற முறையில் என் சாய்வைச் சொல்கிறேன்: கரடுமுரடான பரப்பும் வேதிப்பிணைப்பும் சேர்ந்த விளக்கம்தான் எனக்கு நம்பும்படியாக இருக்கிறது. நிக்கலில்கூட வழவழப்பான முகத்தைவிடப் படிக்கட்டு மாதிரி உடைந்த விளிம்புகளில்தான் வேலை மும்முரமாக நடக்கும்.

உருவாவதை மட்டும் சொல்லி நிறுத்தினால் பாதிக் கதைதான். 91 முதல் 111 நானோமீட்டர் வரையிலான புற ஊதா ஒளியை ஹைட்ரஜன் மூலக்கூறு குறிப்பிட்ட சில அலைநீளங்களில் விழுங்கும். பத்து முறை விழுங்கினால் ஏறக்குறைய ஒருமுறை உடைந்துபோகும். வெட்டவெளியில் மறைப்பே இல்லாமல் நிற்கும் மூலக்கூறு ஆயிரம் வருஷம்கூடத் தாக்குப்பிடிக்காது. உருவாக ஒரு கோடி வருஷம், உடைய ஆயிரத்துக்குள் என்றால் எப்படி மேகம் மிஞ்சுகிறது? மேகத்தின் விளிம்பில் இருக்கும் மூலக்கூறுகள் அந்த அலைநீளங்களை விழுங்கித் தீர்த்துவிடுகின்றன. உள்ளே போகப்போக அந்த ஒளியே இருப்பதில்லை. தூசியும் சேர்ந்து நிழல் கொடுக்கிறது. அதனால்தான் மேகத்தின் ஓரத்தில் தனி அணுக்களாகவும், கொஞ்சம் உள்ளே போனதும் திடீரென்று பெரும்பாலும் மூலக்கூறாகவும் மாறிவிடுகிறது. தூசி சேர்த்தும் வைக்கிறது, காத்தும் நிற்கிறது.

தூசியே இல்லாத காலம் ஒன்று இருந்தது. பெருவெடிப்புக்குப் பின் முதல் நட்சத்திரங்கள் பிறக்கும் முன் கார்பனும் இல்லை, சிலிக்கனும் இல்லை. அப்போது மூன்றாவது ஆளாக நின்றது எலக்ட்ரான். ஹைட்ரஜன் அணு ஒரு எலக்ட்ரானைப் பிடித்து ஒளியை விட்டுவிட்டு எதிர்மின் அயனியாகும். இந்தப் படிக்கு ஒளி விடத் தடையில்லை. அந்த அயனி இன்னோர் அணுவைச் சந்தித்தால் மூலக்கூறு உருவாகி, எலக்ட்ரான் மிச்ச ஆற்றலை எடுத்துக்கொண்டு ஓடிவிடும். வந்த எலக்ட்ரான் திரும்பக் கிடைத்துவிடுவதால் அதுவும் ஒரு வினையூக்கிதான். ஆனால் உதிரி எலக்ட்ரான்கள் குறைவு என்பதால் இந்த வழியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஹைட்ரஜன்கூட மூலக்கூறாகுமா என்பது சிரமம். அந்தச் சொற்பம்தான் வாயுவைக் குளிரவைத்து முதல் நட்சத்திரங்கள் சுருங்க வழிவிட்டது. சுருங்கிச் சுருங்கி அடர்த்தி கன சென்டிமீட்டருக்குப் பத்துக் கோடியைத் தாண்டிய பிறகு, நான் முன்னால் தள்ளிவைத்த மூன்று அணுச் சந்திப்பும் அங்கே வேலை செய்யத் தொடங்கியது.

தம்பி மகேந்திரகிரியில் தொடங்கியதால் அங்கேயே ஒரு விஷயம். அந்தத் தொட்டியில் இருக்கும் மூலக்கூறுகள் விண்மேகத்தில் சேர்ந்த அதே மூலக்கூறுகளா என்றால், இல்லை. அணுக்கள் 1380 கோடி வருஷப் பழசு, ஆனால் பிணைப்பு புதுசு. பூமியில் ஹைட்ரஜன் பெரும்பாலும் தண்ணீராகத்தான் இருக்கிறது. தொழிற்சாலைகளில் இயற்கை வாயுவையும் நீராவியையும் சூடான நிக்கலின் மேல் செலுத்தி ஹைட்ரஜனைப் பிரித்தெடுப்பது வழக்கம். அங்கேயும் அணுக்கள் ஒரு மேற்பரப்பில்தான் ஜோடி சேர்ந்து வெளியே வருகின்றன. அப்புறம், அதைத் திரவமாக்கும்போது இன்னொரு தொல்லை உண்டு. ஹைட்ரஜன் மூலக்கூறில் அணுக்கருக்களின் சுழற்சியைப் பொறுத்து ஆர்த்தோ, பாரா என்று இரண்டு வகை. அறை வெப்பத்தில் மூன்றுக்கு ஒன்று என்ற விகிதம். மைனஸ் 253 டிகிரியில் திரவமாக இருக்கும்போது எல்லாம் மெதுவாகப் பாராவாக மாறும். மாறும்போது வெளியாகும் வெப்பம் திரவத்தை ஆவியாக்கத் தேவையான வெப்பத்தைவிட அதிகம். கவனிக்காமல் விட்டால் தொட்டி மூடியே இருந்தாலும் சரக்கு கொதித்துத் தீர்ந்துவிடும். அதனால் குளிர்விக்கும்போதே இரும்பு ஆக்சைடு போன்ற ஒரு பரப்பின் வழியாகச் செலுத்தி முன்கூட்டியே மாற்றிவிடுகிறார்கள். விண்தூசியின் மேலும் இந்த மாற்றம் நடக்கிறது. எவ்வளவு வேகத்தில் என்பதை இப்போதும் அளந்துகொண்டிருக்கிறார்கள்.

இந்த மேகங்களைக் கண்ணால் பார்க்க முடியுமா என்று அடுத்து யாராவது கேட்பீர்கள். ஒளி விடாத மூலக்கூறு என்று சொன்னேன் அல்லவா? அதனால் 10 கெல்வின் குளிரில் இருக்கும் ஹைட்ரஜன் மேகம் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. 1970-இல் கண்டுபிடித்த கார்பன் மோனாக்சைடு ரேடியோ அலையை வைத்துத்தான் இன்றைக்கும் பெரும்பாலும் அதன் இருப்பை ஊகிக்கிறார்கள். 2025-இல்கூட, வெறும் 300 ஒளியாண்டு தூரத்தில், கார்பன் மோனாக்சைடு குறைவாக இருந்ததால் இத்தனை நாளாகக் கண்ணில் படாத ஒரு பெரிய ஹைட்ரஜன் மேகத்தை அதன் புற ஊதா மினுக்கத்தை வைத்துக் கண்டுபிடித்து ஈயோஸ் என்று பெயர் வைத்தார்கள். ஆனால் மேகத்தோடு கலந்திருக்கும் தூசியின் நிழலை நாம் பார்க்கலாம். தை மாசத்தில் அமாவாசையை ஒட்டிய ஓர் இரவு, எட்டு மணிபோல, காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் கண்ணில் படாத இடமாகப் பார்த்துப் போங்கள். கார்த்திகைக் கூட்டம் தலைக்கு மேலே கொஞ்சம் வடக்கே நிற்கும். அதற்குக் கிழக்கே சிவப்பாக ரோகிணி. அந்த இரண்டுக்கும் வடகிழக்கே நட்சத்திரங்கள் சட்டென்று குறைந்து ஒரு வெறுமை தெரியும். அது டாரஸ் மூலக்கூறு மேகம், சுமார் 450 ஒளியாண்டு தூரம். கார்த்திகைக்கு நேர் வடக்கே, உள்ளங்கை அகலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளி, மங்கலாக ஒரு நட்சத்திரம் தெரிந்தால் அதுதான் கார்ருத்தர்ஸின் ராக்கெட் பார்த்த ஸை பெர்சி.